பாயிண்ட் விலகும் நேரம்

வயலோரம் நிற்கும் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் கிளம்பாமல் அடம்பிடித்தால், அலங்காநல்லூர்ப் பக்கம் முதலில் கேட்பது "கரண்டு வருதான்னு பாத்தியா?" என்றுதான். சுற்றிலும் ஒரு மின்கம்பம் இருக்காது. எஞ்சினுக்குப் பேட்டரியும் கிடையாது. கயிறு சுற்றப் பள்ளம் வெட்டிய ஒரு சக்கரம், ஒரு கயிறு, இழுக்க ஒரு கை, அவ்வளவுதான். ஆனாலும் கேள்வி சரியானதே. கை இழுக்கும் அந்த ஒரு வீச்சில், சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் காந்தமும் செம்புக் கம்பிச்சுருளும் சேர்ந்து பல ஆயிரம் வோல்ட்டை எழுப்பி, பிளக்கின் நுனியில் ஒரு நீலப் பொறியைத் தெறிக்கவிட வேண்டும். அது நடந்தால் எஞ்சின் ஓடும், நடக்காவிட்டால் அது வெறும் இரும்பு.

இந்த ஏற்பாட்டுக்கு மேக்னெட்டோ என்று பெயர். பட்டறையில் 'மேக்னெட்' என்று சுருக்கிவிடுவார்கள். பல காலமாக இதன்மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. பழைய பொருள் என்பதற்காக வந்த பிரியம் அல்ல. உதவிக்கு ஆள் இல்லாத தூரத்தில் நிற்கும் ஒருவனை மனதில் வைத்துச் செய்யப்பட்ட சாதனம் இது. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வலை போட்டிருப்பவன் அவன். கம்பம் வராத மேட்டுக்காட்டில் கருகும் பயிரோடு நிற்பவனும் அவன்தான். அவனிடம் பேட்டரி இருக்காது, இருந்தாலும் தீர்ந்திருக்கும். கடை பல மைல் தள்ளி இருக்கும். அவன் கையில் இருப்பதைக் கொண்டே பொறி பிறக்க வேண்டும், கெட்டால் அவன் கையாலேயே திறந்து பார்க்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் மேக்னெட்டோ நிறைவேற்றியது. பின்னால் வந்தவை முதல் நிபந்தனையை இன்னும் நன்றாக நிறைவேற்றின, இரண்டாவதைக் கைவிட்டுவிட்டன.

கடலில் இருப்பவனையும் மேட்டுக்காட்டில் இருப்பவனையும் நான் சும்மா ஒன்றாகச் சேர்க்கவில்லை. இருவர் கையிலும் இருந்தது உண்மையிலேயே ஒரே மேக்னெட்டோ. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் என்ற தொழில் நகரில் ஜான் மார்ஸ்டன் என்பவர் 1898இல் தொடங்கிய வில்லியர்ஸ் நிறுவனம், 1920களில் பிளைவீல் என்னும் அந்தச் சுழலும் சக்கரத்துக்கு உள்ளேயே காந்தத்தைப் பதித்து வைக்கும் மேக்னெட்டோவைப் பரப்பியது. அதே மார்ஸ்டன் பெயர் தாங்கிய தொழிற்சாலையில்தான் 1931இல் சீகல் என்ற படகு எஞ்சின் பிறந்தது. படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு வகை. முரட்டுத்தனமான எளிய எஞ்சின். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை வாங்கியது, 1996 வரை உற்பத்தியில் இருந்தது, இன்றும் பழைய எஞ்சின் பிரியர்கள் அதைத் தேடித்தேடி ஓட்டுகிறார்கள். அதன் தலையில் இருந்தது வில்லியர்ஸ் மேக்னெட்டோ. வில்லியர்ஸின் இன்னொரு கிளை நம் பக்கம் வந்தது. திருவொற்றியூர் என்ஃபீல்டு நிறுவனம் வில்லியர்ஸ் எஞ்சின்களை உரிமம் பெற்றுச் செய்தது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் கிரீவ்ஸ் எம்.கே. 12 பம்புசெட்டும் வில்லியர்ஸ் வழிவந்ததுதான். ஆங்கிலேயக் கழிமுகத்தில் படகைத் தள்ளியதும் பாலமேட்டுச் சாலையோரக் கிணற்றில் நீர் இறைத்ததும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

அலங்காநல்லூருக்கும் படகுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. இங்கே வயலுக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர், 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, பேரணையில் திரும்பிக் கால்வாயில் ஓடி வருவது. அந்த அணையைப் பார்த்துக்கொள்ளப் போகும் தமிழகப் பொறியாளர்கள் தேக்கடியிலிருந்து ஏரியில் படகேறித்தான் போகிறார்கள். எங்கள் நெல்லுக்குப் பின்னால் எங்கோ ஒரு படகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய படகுகளில் இப்போது டீசல்தான். டீசல் எஞ்சினில் பொறிக்கே வேலையில்லை, காற்றை நெருக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே நான் பேச வந்தது பெட்ரோலும் மண்ணெண்ணெயும் குடிக்கும் சின்ன எஞ்சின்களைப் பற்றி.

பொறி எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தில் பாரடேயின் 1831ஆம் ஆண்டுச் சோதனையைப் படித்தவர்கள்கூட இதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். காந்தம் சுற்றும்போது, நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டு அடுக்கின் மேல் சுற்றிய கனத்த கம்பியில் மின்னோட்டம் எழுகிறது. அந்தக் கம்பியின் மேல், தலைமுடியை விட மெலிந்த கம்பி பல ஆயிரம் சுற்றுக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் காயில். கனத்த கம்பியின் ஓட்டம் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒட்டியிருக்கும் இடத்தின் வழியே போய் எஞ்சின் உடம்பில் சேர்கிறது. அந்தப் பொட்டுகள்தான் பாயிண்ட். ஓட்டம் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து, கிராங்க் தண்டில் இருக்கும் கேம் ஒரு பொட்டைத் தள்ளி விலக்குகிறது. மடை நிறைய ஓடும் தண்ணீரை ஒரே அடியில் பலகை போட்டு மறித்தால் பின்னால் எப்படி எகிறுமோ அப்படி, அறுபட்ட ஓட்டம் மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறுகிறது. போக வழி தேடி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் இது விநாடிக்கு 50 முறை.

ஒட்டியிருக்கும்போது பொறி இல்லை, விலகி நிற்கும்போதும் இல்லை, விலகும் அந்தக் கணத்தில் மட்டுமே இருக்கிறது. 1900ஐ ஒட்டிய காலத்துப் படகு எஞ்சின்களில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. அமெரிக்கக் கடலோர மீனவர்களின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் பாயிண்ட்டே சிலிண்டருக்கு உள்ளே இருக்கும். எரியும் கலவைக்கு நடுவில் இரண்டு இரும்பு விரல்கள் தொட்டு விலகும், விலகும் இடத்தில் பொறி. கரி படியும், விரல் தேயும், ஆனால் உப்புக் காற்று தொட முடியாத இடம் அது. ராபர்ட் போஷ் 1887இல் நிலை எஞ்சின்களுக்குச் செய்த மேக்னெட்டோவும் இந்தக் குறைந்த அழுத்த வகையே. அவர் பட்டறையின் கோட்லோப் ஹோனோல்டு 1902இல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் பிளக்கையும் ஜோடி சேர்த்தபிறகு பாயிண்ட் சிலிண்டரை விட்டு வெளியே வந்தது. அன்றிலிருந்து சாதாரண மனிதன் ஸ்பேனர் கொண்டு தொடக்கூடிய இடத்தில் அது உட்கார்ந்தது. 1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்திலும் மேக்னெட்டோதான் பொறி கொடுத்தது. இன்றைக்கும் செஸ்னா போன்ற சின்ன விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் ஒன்றுக்கு இரண்டாக மேக்னெட்டோ இருக்கிறது. விமானத்தின் மின்சாரம் முழுக்கச் செத்தாலும் எஞ்சின் நிற்கக் கூடாது என்பது காரணம். வானத்திலும் உதவிக்கு ஆள் தூரம்தானே.

எங்கள் சித்தப்பாவின் தோட்டத்தில் இப்படி ஒரு எஞ்சின் சாக்கு போர்த்திக் கிடந்தது. போர்வெல் போட்டபிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு நல்ல அடைமழைக்குப் பின் பழைய கிணறு கையெட்டும் அளவுக்கு நிரம்ப, அந்தத் தண்ணீரை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. கேட்டுக்கடைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். இளவயதில் குளச்சல் பக்கம் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவர், பிறகு இங்கே பம்புசெட்டுக்கு வந்தவர்.

கயிற்றைச் சுற்றி இழுத்தார். பிளக்கைக் கழற்றி சிலிண்டர் தலையில் சாய்த்துவைத்து மறுபடி இழுத்தார். பொறி இல்லை.

"பிளக்கை மாத்திப் பாக்கலாமாண்ணே?"

"மாத்துனா மாத்துன எடந்தான் தம்பி தெரியும், கெட்ட எடம் தெரியாது."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை அசைபோட்டிருக்கிறேன். கெட்டதைத் தேடாமல் புதிதை மாட்டி ஓட்டிவிடுவதுதான் இன்றைய பழுதுபார்ப்பு. அவர் அப்படிச் செய்யவில்லை. பிளக்கை ஒதுக்கிவிட்டு ஒயரின் நுனியை மட்டும் எஞ்சின் உடம்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து இழுக்கச் சொன்னார். அங்கேயும் இல்லை. எனவே குற்றம் பிளக்கில் மட்டும் இல்லை. எஞ்சினை நிறுத்தும் பட்டனுக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். அந்த ஒயர் எலி கடித்து உடம்பில் தொட்டுக்கொண்டிருந்தால் ஓட்டம் முழுக்க அங்கேயே வடிந்துவிடும். அதற்குப் பிறகும் இல்லை. அப்படியானால் குற்றம் சக்கரத்துக்குள். வெளியிலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு படியிலும் ஒரு சந்தேகத்தை முழுவதுமாகக் கழித்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தார்.

வில்லியர்ஸ் சக்கரத்தைக் கழற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. அதன் நடு நட்டுக்கென்று கனத்த ஸ்பேனர். அதைக் கையால் அழுத்தக் கூடாது, சுத்தியலால் தட்ட வேண்டும். முதலில் நட்டு இளகும். இளகிவிட்டதே என்று சக்கரத்தை நெம்பினால் காந்தம் உடையும், தண்டு வளையும். தொடர்ந்து திருப்பினால் நட்டு மறுபடி இறுகும். அந்த இரண்டாவது இறுக்கத்தில்தான் நட்டு சக்கரத்தைத் தானே மேலே தூக்கிக் கொடுக்கும். கழற்றும் கருவியை அந்த நட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், தனி புல்லர் வேண்டாம். இதை வரைந்த பொறியாளர் மனதில் புல்லர் கிடைக்காத ஓர் ஊர் இருந்திருக்கிறது. டங் என்று ஒரு சத்தத்தோடு சக்கரம் எழுந்தபோது பெரியவர் செய்த முதல் காரியம், ஒரு பழைய அரத்தைக் காந்தங்களுக்குக் குறுக்கே போட்டதுதான். பழைய காலத்து எஃகுக் காந்தம் இரும்பின் துணை இல்லாமல் திறந்து கிடந்தால் வலு இழக்கும். 1931இல் ஜப்பானின் மிஷிமா கண்டுபிடித்த அலுமினியம்–நிக்கல் கலவைக்குப் பிறகுதான் அந்தக் கவலை குறைந்தது. முன்பெல்லாம் மதுரையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வலு குறைந்த சக்கரத்துக்குக் 'காந்தம் ஏத்தி'க் கொடுப்பார்கள். இன்று அந்த வேலையைக் கேட்டால் கடையில் திருப்பி நம்மைப் பார்க்கிறார்கள்.

உள்ளே ஒரு குளவிக் கூடு. அதைத் தட்டிவிட்டால் பழைய வார்னிஷ் வாசனை. பாயிண்ட் இரண்டும் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தன. அவர் விடவில்லை. காயிலிலிருந்து வரும் ஒயரையும் கண்டன்சர் ஒயரையும் பிரித்து ஒதுக்கினார். அவை சேர்ந்திருந்தால் சோதனை பொய் சொல்லும். ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரிக் கட்டை, இரண்டு துண்டு ஒயர். பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு எரிய வேண்டும், எரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். பாயிண்ட்டின் டங்ஸ்டன் காற்றில் மெல்ல மெல்லப் பூத்துக் கடத்தாத் தோலாகிவிடுகிறது. கயிறு இழுக்கும் வேகத்தில் கனத்த கம்பியில் எழுவது சில வோல்ட்தான். அந்தச் சில வோல்ட்டுக்கு அந்தத் தோலைக் கிழிக்கும் வலு இல்லை. தினமும் ஓடும் எஞ்சினில் இந்தப் படலம் பிடிப்பதில்லை, ஓட்டமே அதைச் சுட்டுத் தள்ளிவிடும்.

"கடல்ல உப்பு அரிக்கும். இங்கிட்டு சும்மா கெடக்கிறது அரிக்கும். ரெண்டும் ஒரே நோவுதான் தம்பி."

உப்புத்தாளை எடுத்து நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். தாளின் மணல் பாயிண்ட்டில் பதிந்து இன்னொரு தோலாகிவிடுமாம். மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளைப் பாயிண்ட் நடுவே விட்டு இழுத்தார். கறுப்பாக வந்த தாள் வெள்ளையாக வரும்வரை இழுத்தார். பல்பு எரிந்தது. ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியைப் பதினைந்து 'தௌ'வுக்கு வைத்தார், அதாவது 0.015 அங்குலம், 0.38 மில்லிமீட்டர். கேமில் உரசும் கம்பளித் துண்டுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். "ரெண்டாவது சொட்டு பாயிண்ட்டுக்குப் போயிரும்."

பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, சத்தமில்லாமல். சக்கரத்தின் சின்னச் சன்னல் வழியே பார்த்தால் பாயிண்ட்டிலேயே வெளிச்சம் சிந்திக்கொண்டிருந்தது. கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம். பாயிண்ட் விலகும்போது ஓட்டம் அந்தச் சந்திலேயே குதித்துத் தீர்ந்துவிடாமல் வாங்கிக்கொள்வது கண்டன்சரின் வேலை. அது செத்தால் ஓட்டம் வெட்டென்று அறுபடாது, இழுபடும். இழுபட்ட ஓட்டத்தில் வோல்ட் எகிறாது. பெரியவர் பையைத் துழாவி ஒரு டி.வி.எஸ். 50 கண்டன்சரை எடுத்தார். மொபெட்டோ படகோ பம்புசெட்டோ, இந்த மதிப்பு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரு மைக்ரோபாரடில் கால்பங்கை ஒட்டி இருக்கும். அளவில் பொருந்தாததால் வெளியே ஒரு தகட்டில் முடுக்கி ஒயரை உள்ளே விட்டார். இம்முறை பொறி நீலமாக, சடக்கென்று வந்தது.

அப்போதும் அவர் முகத்தில் திருப்தி இல்லை. திறந்த காற்றில் குதிக்கும் பொறி, சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட காற்றில் குதிக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும். வெளியே அடிப்பது உள்ளே அடிக்காமலும் போகலாம். பிளக்கை மாட்டி, பெட்ரோல் குழாயைத் திறந்து, கயிற்றைச் சுற்றி இழுத்தார். பிடித்துக்கொண்டது. சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் இந்த இரட்டைக் குழாய். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. ஆறியதும் கிளம்பியது, சூடேறியதும் மறுபடி நின்றது.

இது காயிலின் நோய். தலைமுடிக் கம்பியின் சுற்றுகளுக்கு இடையே இருக்கும் தாளும் வார்னிஷும் வருடக்கணக்கில் ஈரத்தைக் குடித்திருக்கின்றன. குளிர்ந்திருக்கும்போது தாங்கும், சூட்டில் காப்பு தளர்ந்து உள்ளுக்குள்ளேயே பொறி குதிக்கும். குளச்சலில் அவர் பார்த்த எஞ்சின்களில் பாதி இந்தக் கோளாறுதானாம். உப்பு ஈரம் காயிலுக்குள் போய்விட்டால் கரையில் கிளம்பும் எஞ்சின் கடலில் நிற்கும். "கரையில நின்னா எஞ்சினைத் திட்டுவான். கடல்ல நின்னா கும்பிடுவான்" என்றார்.

காயில் கட்டித் தரச் சொல்லி மதுரையில் சில கடைகளில் விசாரித்தோம். போர்வெல் மோட்டாரை ஒரே நாளில் கட்டித் தருகிறவர்கள், இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மெல்லிய கம்பியை அறுபடாமல் பல ஆயிரம் சுற்று சுற்றி, அடுக்குக்கு அடுக்கு தாள் வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் வார்னிஷ் ஏற்றுவது வேறொரு தொழில். கடைசியில் பெரியவர் காயிலைப் பங்குனி வெயிலில் தகரத்தின் மேல் நாள் கணக்கில் காயவைத்து, சூடு இருக்கும்போதே வார்னிஷில் முக்கி, மறுபடி காயவைத்தார். இப்போது ஓடுகிறது. உள்ளே கரிந்த தடம் ஏதும் இருந்தால் அது வெயிலுக்கு மசியாது, ஒருநாள் நிற்கும். இன்றுவரை நிற்கவில்லை.

இந்த எஞ்சின்களை நினைக்கும்போதெல்லாம் யாழ்ப்பாணம் நினைவுக்கு வரும். 1990களில் குடாநாட்டுக்குள் பெற்றோலும் பற்றரியும் போகத் தடை இருந்த காலத்தில், மக்கள் வாகனங்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, அதன் டைனமோவில் றேடியோ கேட்டார்கள். டைனமோவும் மேக்னெட்டோவும் ஒரே தத்துவத்தின் பிள்ளைகள்தான், காந்தம் சுற்றினால் கம்பியில் மின்சாரம். வெளியிலிருந்து வரும் எல்லா வழியையும் அடைத்த பிறகும், மிதிக்கிற காலிலிருந்தும் இழுக்கிற கையிலிருந்தும் மின்சாரம் எடுக்க முடியும் என்று ஒரு சமூகம் முழுவதும் தெரிந்துவைத்திருந்தது. அந்த அறிவைப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தால் அவர்களுக்குச் செய்திகூடக் கிடைத்திருக்காது.

எங்கள் பக்கம் எஞ்சின்கள் ஓய்ந்ததற்குப் பொறி காரணமில்லை. இங்கே முதலில் மாடு பூட்டிய கமலை, பிறகு எஞ்சின், பிறகு கரண்டு மோட்டார். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபோது, காசு கொடுத்து மண்ணெண்ணெய் வாங்கி ஓட்ட யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. ரேஷன் மண்ணெண்ணெயும் சுருங்கிக்கொண்டே வந்தது. அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர். மேலே உட்கார்ந்து உறிஞ்சும் எந்தப் பம்பும் கொள்கையளவில்கூட 10.3 மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை எடுக்க முடியாது. காற்றின் எடை அவ்வளவுதான் தூக்கும். நடைமுறையில் 7 மீட்டரே பெரிது. கிணறு வற்ற வற்ற எஞ்சினையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, நடுவில் கல்திட்டில் வைத்து ஓட்டினார்கள். புகை கிணற்றுக்குள் தேங்கும், அது ஆளைக் கொல்லும். பிறகு நீர் அந்தத் திட்டுக்கும் எட்டாமல் போய், நூற்றுக்கணக்கான அடிக்குத் துளை போட்டு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினோம். சித்தப்பாவின் எஞ்சின் இப்போது ஓடுவது, அந்த ஒரு மழைக்குப் பின் கிணறு மேலே வந்ததால் மட்டும்தான். எஞ்சினைச் சரிசெய்வது சின்ன வேலை. அதற்கு எட்டும் உயரத்தில் நீரை வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதைப் பெரியவராலும் செய்ய முடியாது, பெரியாற்றாலும் ஓரளவுக்குத்தான் முடியும்.

பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்து வள்ளங்கள் அரசு மானிய மண்ணெண்ணெயில் இன்றும் அவுட்போர்டு ஓட்டுகின்றன. அங்கே பிளைவீலுக்குக் கீழே இருப்பது பிசினில் வார்த்து மூடிய பெட்டி. பாயிண்ட் தேயாது, படலம் பிடிக்காது, உப்பு அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. மெதுவாக இழுத்தாலும் பொறி வலுவாக வரும். கடலுக்குப் போகிறவன் அதைத்தான் தேர்ந்தெடுப்பான், நானாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அது கெட்டால் அவனால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, இன்னொரு பெட்டி வாங்குவது. குற்றம் எங்கே என்று தேடும் பாதை அந்தப் பெட்டியின் சுவரோடு முடிந்துவிடுகிறது. பெரியவரின் வரிசை, அதாவது பிளக், ஒயர், பட்டன், பாயிண்ட், கண்டன்சர், காயில் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே உள்ளே போகும் அந்த மனப்பழக்கம், இனி எதில் கற்றுக்கொள்வது?

மேக்னெட்டோவைச் சந்தைக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. மதுரை புதூர் ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் ஒவ்வொரு வகுப்புக்கும் பாதி அறுத்துத் திறந்த ஒரு பிளைவீல் மேக்னெட்டோ வேண்டும் என்று கேட்கிறேன். பையன்கள் அதைக் கையால் சுற்றட்டும். பாயிண்ட் விலகுவதையும் பொறி விழுவதையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்கட்டும். கண்டன்சரைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றட்டும். மூடிய பெட்டிக்குள்ளும் இதுதான் வேறு உருவில் நடக்கிறது என்று அதன்பிறகு சொன்னால் புரியும். பழைய இரும்புக் கடைகளில் இந்தச் சக்கரங்கள் எடைக்கு வந்து விழுகின்றன. உருக்கப் போவதற்கு முன் எடுத்துவைக்க ஒரு அலமாரி போதும்.

எங்கள் எஞ்சினை மாதம் ஒருமுறை ஓட்டும் வேலையைப் பெரியவர் சித்தப்பாவின் பேத்தியிடம் கொடுத்திருக்கிறார். அவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கயிறு இழுக்கும் வலு அவளுக்கு இருக்கிறது. நிறுத்தும்முன் மண்ணெண்ணெயை மூடிப் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தமுறை கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் நிற்கும், கிளம்பாது என்று அவளுக்குத் தெரியும். பாயிண்ட்டின் இடைவெளியை எப்படிப் பார்ப்பது என்று போன வாரம் கேட்டிருக்கிறாள். ஃபீலர் கேஜை அவளிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.